குற்றமும் குற்றக் கணக்கும்

நாட்டில் நிகழ்வனவற்றை வேந்தன் உள்ளவாறு அறிதல் வேண்டுமென்று கருதியே வள்ளுவனார் பொருட்பாலில் ஒற்றாடலுக்குத் தனியதிகாரம் வகுத்தார். இக்காலத்து அரசாங்கத்தார்க்கு ஒற்றரின் இடத்தில் நிற்பது புள்ளிக்கணக்கு. 'இந்தியாவிற் குற்றங்கள்' என்னும் ஆண்டறிக்கை 1953-ஆம் ஆண்டின் கணக்கு முதற்கொண்டு வெளிவருகின்றது. 1986-இல் நிறுவப்பெற்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தார் இப்பொழுது அதனைத் தொகுக்கின்றனர்.

அவ்வறிக்கை எண்ணுவது யாது? நிகழ்ந்த குற்றங்களையோ எனின், அன்று. போலீசார் பதிந்த வழக்குகளையே. ஒரே நிகழ்ச்சியிற் கொள்ளையும் கொலையும் கூடி நேரின், பெரிதாகிய கொலை ஒன்றே கணக்கிலேறும். முறையிடாதார் துயரும், முறையிட்டும் எழுதிக்கொள்ளப்படாதார் துயரும் ஏடேறுவதில்லை.

2012-இல் நாடெங்கும் பதிவான வன்புணர்ச்சி வழக்குகள் 24,923, 2013-இல் 33,707. ஓராண்டிற்குள் கொடியோர் இத்துணைப் பெருகினரோ? 2012 டிசம்பரில் தில்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கிற்று. அடுத்த ஆண்டிற் சட்டந் திருத்தப்பெற்றது. குற்றத்தின் வரையறை விரிந்தது. இத்தகைய முறையீட்டை எழுத மறுக்கும் அதிகாரிக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றது. அவ்வாண்டு நவம்பரிற் சுப்ரீம் கோர்ட்டாரும், பிடியாணையின்றிக் கைது செய்தற்குரிய குற்றமொன்று நிகழ்ந்ததென முறையீடு வரின் வழக்குப் பதிதல் கட்டாயமெனத் தீர்ப்பளித்தனர். ஆகவே, ஏறிய தொகையிற் குற்றத்தின் பெருக்கம் எவ்வளவு, அச்சம் நீங்கி வாய்திறந்தோர் பெருக்கம் எவ்வளவு என்று அவ்விரண்டு எண்களைக்கொண்டு பிரித்தறிதல் இயலாது.

இதனை எண்ணாது, தொகை குறைந்த நிலையத்தைப் புகழ்ந்து ஏறிய நிலையத்தைக் கடிந்தால் யாது விளையும்? எழுதாமையே எளிய வழியென்று அதிகாரி கற்றுக்கொள்வார். (இதற்குங் குற்றத்தடுப்பு என்றே பெயரிடுவர் போலும்!) முறையீடு ஏற்கப்படாது திரும்பிய பெண் வாழுந் தெருவிலேயே குற்றவாளி உலவுவான். விளக்கும் இரவு ரோந்தும் அத்தெருவிற்கு வாரா. கணக்கின்படி அஃது அமைதியான தெருவன்றோ?

ஆங்கில நாட்டார் 1982-இல் வேறொரு வழி கண்டனர். தெரிந்தெடுத்த வீடுகளுக்குச் சென்று, சென்ற ஆண்டில் நேர்ந்த தீங்குகள் எவையென மக்களையே வினவினர். போலீசார் ஏட்டிற் காணாத குற்றங்கள் மிகப்பல வெளிப்பட்டன. கொலையை இவ்வாறு அறிதல் கூடாது. மாண்டார் விடை பகரார். ஆதலின் அங்கு இருவகைக் கணக்கையும் உடன் வைத்தே நோக்குகின்றனர். 2014-இல் போலீசாரது பதிவை ஆராய்ந்த மேற்பார்வையாளர், முறையிடப்பட்ட குற்றங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று எழுதப்படவேயில்லை யென்று கண்டனர். பாலியற் குற்றங்களிலோ நான்கில் ஒன்று.