பத்து நிமிடம் உங்களுக்காக



ஆம்பூர் பக்கம் ஷூ மேல்பாகம் தைக்கும் உறுப்பினர்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார்கள். இடுப்பும் கழுத்தும் வலிக்கிறது. யோகா கற்றும், "மூணு நாள் செஞ்சேன்க்கா, விட்டுப்போச்சு" என்கிறார்கள்.

ஏன்? ஒரு மணி நேரம் ஒழியட்டும் என்று காத்திருக்கிறோம். 1976ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கிய தேசிகாச்சார், ஆளுக்குத் தக்கபடி யோகா அமைய வேண்டும் என்று கற்பித்தார். நமக்குப் பத்து நிமிடம் போதும்.

• காலையில் வாசல் பெருக்கியதும் பாய் விரியுங்கள்.
• கற்றதில் இரண்டு ஆசனம் போதும்.
• செய்த நாளில் காலண்டரில் புள்ளி வையுங்கள். வாரக் கூட்டத்தில் காட்டுங்கள்.
• கர்ப்பிணிகள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நர்ஸம்மாவைக் கேட்டுச் செய்யவும்.

ஒருநாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். ஒரு வாரம் சேமிப்பு கட்டலைன்னா குழுவையே விட்டுடுவோமா?