பிள்ளை பெற்ற பின் மூச்சு முட்டுகிறதா?

“இருதயம் பலவீனமாகிவிட்டது” என்று டாக்டர் சொன்னதும், அது நின்றுவிடப் போகிறதென்று பலர் கலங்கிவிடுகிறார்கள். அப்படியல்ல. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

இதில் வகைகள் உண்டு. இடது பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். வலது பக்கம் தளர்ந்தால் காலும் வயிறும் வீங்கும். சிலருக்குத் தசை தொய்ந்துவிடும். சிலருக்கு விறைத்துப்போய் உள்ளே ரத்தம் நிரம்ப இடம் தராது. எக்கோ பரிசோதனையில் இது தெரியும்.

தம்பதிகள் அவசியம் அறிய வேண்டிய வகை ஒன்றுண்டு. அபூர்வம்தான். முன்பு இருதய நோயே இல்லாத பெண்ணுக்கும், நிறைமாதத்திலோ பிரசவமான 5 மாதத்துக்குள்ளோ இருதயத் தசை தளர்ந்துபோகலாம். “பச்சை உடம்புக்காரி, அசதியாத்தான் இருக்கும்”னு வீட்டுப் பெரியவங்க சொல்லிடுவாங்க. கால் வீக்கம் சாதாரணமாகவும் வரும். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுது, ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துக்கிறா என்றால் கஷாயம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. கணவன்மாரே, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சிகிச்சையில் பலர் தேறிவிடுகிறார்கள். என்றாலும் அடுத்த கர்ப்பத்தில் நோய் திரும்பலாம். டாக்டரைக் கேட்காமல் இன்னொரு பிள்ளைக்கு முயல வேண்டாம். மாலா-என் மாத்திரை இவர்களுக்கு ஏற்றதல்ல. காப்பர்-டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பிள்ளை போதுமென்று இருவரும் முடிவு செய்தால், கணவர் செய்துகொள்ளும் வாசக்டமி சுலபம். அன்றே வீடு திரும்பலாம். 3 மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து பார்க்கும்வரை மட்டும் ஆணுறை அவசியம்.