நான்கு எழுத்தை நம்பிப் பதவி உயர்வை விடலாமா?

பினாங்கு டத்தோ கிராமாட்டிலிருந்து ஓர் இளம்பெண் எழுதியிருக்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். லைன் லீடர் பதவிக்கு மனுப்போடும்படி மேலாளரே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். இடையில் ஒரு பயிற்சிப் பட்டறையில் பெர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தார்களாம். “எனக்கு ஐ.என்.எஃப்.பி. வந்தது. நான் இன்ட்ரோவர்ட்டாம். படித்துப் பார்த்தால் என்னைப் பற்றி எழுதியது போலவே இருக்கிறது. மீட்டிங்கில் எனக்கு வாயே திறக்காது. ஆனால் வீட்டில் என் சத்தம்தான் பெரிது. மார்க்கெட்டில் ஹொக்கியனில் பேரம் பேசுவதும் நான்தான். பலரை வேலை வாங்கும் பதவி என் இயல்புக்கு ஒத்துவருமா? வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?”

சகோதரி, அந்த நான்கு எழுத்தைக் காரணம் காட்டி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் மனித வகைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதைப் படித்துத் தம் கருத்துகளோடு இணைத்தவர்கள் கேதரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும். இருவரும் உளவியல் படித்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அவரவர்க்குப் பொருந்தும் வேலையை அவரவரே கண்டுகொள்ள உதவ வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு இசபெல் கேள்வித்தாளை உருவாக்கத் தொடங்கினார். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நான்கு எழுத்துச் சேர்க்கைகளாக ஆளை 16 வகையாகப் பிரித்த முறையில்தான் சிக்கல்.

ஒரு வகுப்பு மாணவர்களை வரிசையாக நிறுத்தி, நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நெட்டை, அந்தப் பக்கம் குட்டை என்று பிரித்தால் என்ன ஆகும்? கோட்டருகே நிற்பவர்கள்தாம் அதிகம். அரை அங்குல வித்தியாசத்தில் ஒருவர் நெட்டை ஆவார், இன்னொருவர் குட்டை ஆவார். கூச்சமும் கலகலப்பும் அப்படித்தான். பெரும்பாலோர் நடுவில் இருக்கிறோம். அதனால்தான் அதே தேர்வைச் சில வாரங்கள் கழித்து எழுதினால் முடிவு மாறுகிறது. ஐந்து வார இடைவெளியிலேயே பாதிப் பேர் வரை வேறு வகைக்குப் போய்விடக்கூடும் என்று உளவியலாளர் டேவிட் பிட்டஞ்சர் 1993இல் சுட்டிக்காட்டினார். உங்கள் முடிவுத்தாளில் விழுக்காடு இருந்தால் எடுத்துப் பாருங்கள். இன்ட்ரோவர்ட் 54 என்று இருந்தால், நீங்கள் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள் என்று பொருள்.

‘என்னைப் பற்றி எழுதியது போலவே இருக்கிறது’ என்கிறீர்கள். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட் வைத்து, ஆளுக்கொரு விவரத்தாள் கொடுத்தார். எந்த அளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். பெரும்பகுதி கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. ‘சில சமயம் கலகலப்பாகவும் சில சமயம் ஒதுங்கியும் இருப்பீர்கள்’ என்பது யாருக்குத்தான் பொருந்தாது? பொருந்துகிறது என்ற உணர்வை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆய்வாளர்கள் இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது ஐந்து பண்புகளை. புதியதில் நாட்டம், பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, இணக்கம், எளிதில் பதறும் தன்மை. இவற்றில் வகை கிடையாது, அளவுதான் உண்டு. லூயிஸ் கோல்ட்பெர்க் தொகுத்த கேள்விகள் யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி பொதுவில் உள்ளன. அவற்றைக் கொண்டு அமைத்த 50 கேள்வி, 120 கேள்வித் தேர்வுகளில் ஒன்றை எழுதிப் பாருங்கள். பலவகை வேலைகளிலும் ஒருவர் எப்படிச் செய்வார் என்பதைக் காட்டுவதில் பொறுப்புணர்வே முன்னிற்கிறது என்று பாரிக், மவுண்ட் இருவரும் 1991இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிச் சொன்னார்கள். உங்கள் மேலாளர் உங்களிடம் கண்டது ஒருவேளை அதுவாக இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. வீட்டில் சத்தம், மார்க்கெட்டில் பேரம், மீட்டிங்கில் மௌனம். பினாங்குத் தமிழர்களுக்கு இது பழகிய வாழ்க்கை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கடைத்தெருவில் ஹொக்கியன், அலுவலகத்தில் ஆங்கிலம். ஆங்கிலத்தில் வாக்கியத்தை மனத்துக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அந்த மௌனத்தைப் பார்த்துவிட்டு ‘நான் கூச்ச சுபாவம்’ என்று முடிவு கட்டிக்கொள்கிறோம். நம் பிள்ளைகளையும் அப்படியே சொல்லிச் சொல்லி நம்ப வைக்கிறோம். இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். ராமிரெஸ்-எஸ்பார்ஸா குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பானியமும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் ஒரே தேர்வை இரு மொழியிலும் எழுதியபோது ஆங்கிலத்தில் கலகலப்பு மதிப்பெண் கூடியது. மொழி மாறினால் மதிப்பெண்ணும் மாறும். நம்மில் சிலருக்கு அது எதிர்த்திசையில் போகக்கூடும். ஆகவே தேர்வை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மலாயில் ஒருமுறை எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் வேலையிடத்தை நினைத்து ஒரு பதில், வீட்டை நினைத்து ஒரு பதில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், திருத்த வேண்டியது உங்கள் சுபாவத்தை அல்ல, ஆங்கிலப் பேச்சுப் பழக்கத்தை. அதற்கு வகுப்பு இருக்கிறது.

அடுத்து, இரண்டு வாரம் கைப்பேசியில் குறிப்பு எழுதுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை: எங்கே இருக்கிறேன், யாரோடு, எந்த மொழி, எவ்வளவு பேசினேன், பேசி முடித்ததும் தெம்பா களைப்பா. வில்லியம் ஃப்ளீசன் 2001இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை இப்படித்தான் பதிவு செய்ய வைத்தார். ஒரே மனிதர் சில நாள்களுக்குள்ளேயே அடங்கியும் ஆர்ப்பரித்தும் நடந்துகொள்கிறார் என்பதும், சராசரி மட்டும் வாராவாரம் பெரிதாக மாறுவதில்லை என்பதும் அதில் தெரிந்தன. உங்கள் சராசரியும் உங்கள் எல்லைகளும் தெரிந்தால் போதும். வகையின் பெயர் தேவைப்படாது.

கூடவே மூன்று பேரைக் கேளுங்கள். வீட்டில் ஒருவர், லைனில் உடன் நிற்பவர் ஒருவர், பழைய தோழி ஒருவர். ‘நான் எப்படிப்பட்டவள்?’ என்று கேட்டால் ‘நல்ல பிள்ளை’ என்று முடித்துவிடுவார்கள். ‘மெஷின் நின்றுபோன அன்று நான் என்ன செய்தேன்? புதிதாகச் சேர்ந்தவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தேன்?’ என்று நடந்ததைக் கேளுங்கள். உள்ளே எவ்வளவு பதறுகிறோம் என்பது நமக்கே நன்றாகத் தெரியும். ஆனால் அறிவு, கற்பனைத் திறன் போன்றவற்றைப் பிறர் நம்மைவிடச் சரியாகக் கணிக்கிறார்கள் என்று சிமின் வசீர் 2010இல் காட்டினார்.

அமைதியானவர் தலைமை தாங்கலாமா? ஆடம் கிராண்ட் குழுவினர் அமெரிக்கப் பீட்சாக் கடைகளில் ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். ஊழியர்கள் தாமாக யோசனை சொல்லும் கடைகளில், அதிகம் பேசாத தலைவர்களின் கீழ்தான் லாபம் கூடியது. சொன்னால்தான் செய்வோம் என்று ஊழியர்கள் இருந்த கடைகளில் கலகலப்பான தலைவர்கள் முந்தினார்கள். உங்கள் லைனில் இருப்பவர்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஒருவேளை பதவிக்கு ஆள் எடுக்கவே அந்த நான்கு எழுத்தைப் பார்க்கிறார்கள் என்றால், மனிதவளப் பிரிவில் மரியாதையாகக் கேளுங்கள். ஆள் தேர்வுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்வை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். இந்த மௌனம் பள்ளிக்காலம் முதல் இருக்கிறதா, அண்மையில் வந்ததா? முன்பு நன்றாகப் பேசியவர் சில வாரங்களாக ஒதுங்கி, தூக்கம் கெட்டு, பிடித்த சாப்பாடும் பிடிக்காமல் இருந்தால் அதைச் சுபாவம் என்று எண்ணாதீர்கள். அரசுக் கிளினிக்கில் மனநலக் கேள்வித்தாள் கொடுத்துப் பார்ப்பார்கள். மனநல உதவிக்கு 15555 எண்ணில் பேசலாம். பினாங்கு பொது மருத்துவமனை உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். தனியாரிடம் போவதானால் 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

மனுவைப் போடுங்கள். இன்டர்வியூவில் உங்கள் முறை வரும்போது இவற்றைக் கேளுங்கள்: தினசரிக் கூட்டம் எந்த மொழியில், எத்தனை பேர், இரவு ஷிப்ட் வருமா, முதல் மூன்று மாதம் பக்கத்தில் நின்று சொல்லித் தருபவர் யார்? அந்தப் பதில்களையும் உங்கள் இரண்டு வாரக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.