செண்பகத்தோப்புக்கு வர விரும்பும் கோமதிக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்.

  

பரீட்சை முடிந்ததும் சிநேகிதிகள் இருவரை அழைத்துக்கொண்டு செண்பகத்தோப்புக்கு வரப்போவதாகவும், காட்டின் நடுவிலேயே, ஜன்னலைத் திறந்தால் யானை தெரியும்படியான ஒரு விடுதியை விசாரித்து வைக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். நீ வருவதாக எழுதியதைப் படித்து உண்டான சந்தோஷம் பெரிது. ஆனால் விடுதி விஷயத்தில் நீ கேட்டதற்கு நேர்மாறான யோசனையைத்தான் சொல்லப்போகிறேன் என்பதால், கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்.

நீ காண விரும்பும் இந்த மலைச்சரிவில், சாம்பல் நிற மலையணில் என்ற ஒரே பிராணியை முன்னிட்டு, 1988-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பின்னர் 2021 பிப்ரவரியில், தேனி ஜில்லாவின் மேகமலைக் காடுகளையும் அதனோடு சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தை ஏற்படுத்தினார்கள். ஆனைமலை, களக்காடு–முண்டந்துறை, முதுமலை, சத்தியமங்கலம் ஆகியவற்றுக்குப் பின் தமிழ்நாட்டில் இது ஐந்தாவது. மலை முகட்டைத் தாண்டினால் கேரளத்துப் பெரியாறு காப்பகம். அங்கே, திருவிதாங்கூர் மகாராஜாவின் கோடை மாளிகையாக இருந்த கட்டடத்தில், பணம் கொடுப்பவர் எவரும் ஏரியைப் பார்த்தவாறு இரவைக் கழிக்கலாம். தெப்பக்காட்டிலும் டாப்ஸ்லிப்பிலும் முண்டந்துறையிலும் நம் வனத்துறையாரின் விடுதிகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் கேள்விப்பட்டுத்தான் இங்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பாய்.

அந்த ஆசை பல்லாயிரம் பேருக்கு ஒரே காலத்தில் உண்டானால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியின் அடிவாரத்திலுள்ள சீகூர் பீடபூமியே சாட்சி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைக் கூட்டங்கள் தொன்றுதொட்டுப் போய்வரும் அந்த மார்க்கத்தில், ரிசார்ட் என்ற பெயரில் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் எழும்பி, முள்வேலியும் மின்வேலியும் குறுக்கே நின்று, யானைகளுக்குப் போக்கிடம் இல்லாமற் போன பிறகே விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. வழித்தடத்தை மீட்கவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் அளித்த தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. இதில் எனக்கு மிகவும் உறுத்துவது, அந்த வேலிகளுக்குள் வந்து தங்கியவர்கள் வேட்டைக்காரர்களோ மரக்கடத்தல்காரர்களோ அல்லர், உன்னையும் என்னையும் போல வனத்தின்மீது பிரியம் கொண்டவர்களே என்பதுதான். ஆகையால், காட்டைப் பார்க்க வருகிறவன் பகலில் அதற்குள் சென்றுவிட்டு, இரவை அதன் சொந்தக்காரர்களிடம் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவதே முறை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஊர் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சொல்கிறேன். கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் யாத்ரீகர்களுக்கென்று சத்திரங்களும் லாட்ஜுகளும் உண்டு. இன்னும் கொஞ்சம் வசதி வேண்டுமானால், மில் வியாபாரிகள் வந்து தங்கும் ராஜபாளையத்து ஓட்டல்கள் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. நீ என் வீட்டிலேதான் தங்குவாய் என்பது வேறு விஷயம். சிநேகிதிகளின் பெற்றோருக்குச் சொல்ல ஒரு விவரம் வேண்டுமே என்று எழுதினேன். தவிரவும், இவ்வூர் காட்டுக்கு அந்நியமானதன்று. மல்லி என்ற அரசியின் புதல்வர் வில்லி, கண்டன் என்ற இருவரும் வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துவிட, தம்பியைத் தேடி அலைந்து களைத்துக் கண்ணயர்ந்த வில்லி, கனவில் பெற்ற ஆணைப்படி காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் சமைத்தான் என்கிறது ஸ்தலபுராணம். புலியால் தோன்றிய ஊரின் பெயரைப் புலிகள் காப்பகத்துக்கு வைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஊரிலிருந்து மேற்கே எட்டு கிலோமீட்டர் போனால் செண்பகத்தோப்பு. எல்லாரும் வனத்துறையின் சோதனைச் சாவடியைத் தாண்டிய பிறகே காடு ஆரம்பமாகிறது என்று எண்ணிக்கொண்டு, வழியிலுள்ள மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் ஏறெடுத்தும் பாராமல் விரைந்துவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. நீ பார்க்க வேண்டிய பிராணியாகிய அந்தச் சாம்பல் நிற மலையணில், ஓடைக்கரை மரங்களிலும், அவற்றையொட்டிய மாந்தோப்புகளிலும், புளிய மரங்களிலும்தான் பெரும்பாலும் நடமாடுகிறது. சாம்பல் பூத்த முதுகும், கறுத்த உச்சந்தலையும், உடலின் நீளத்துக்குக் குறையாத வாலுமாக, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள அது, நம் வீட்டு முற்றத்து அணிலுக்கு உறவு என்று சொன்னால் நம்புவது கஷ்டம். 1769-இல் தாமஸ் பென்னன்ட் என்ற வேல்ஸ் நாட்டவர் இலங்கையிலிருந்து கிடைத்ததைக் கொண்டு இதை விவரித்தார். உலகத்தில் இலங்கையையும் தென்னிந்தியாவின் சில காடுகளையும் தவிர வேறெங்கும் இது இல்லை. மலைமேல் ஈரமான சோலைகளில் செம்மை நிறமுள்ள வேறொரு மலையணில் உண்டு; இரண்டையும் ஒன்றென்று மயங்காதே.

விடியற்காலையில் போ. சூரியன் ஏறிவிட்டால் அது கிளையோடு கிளையாகப் படுத்து இளைப்பாறும். மாலையில்தான் மறுபடி இரைதேடும். முதலில் அதைத் தேடாதே, அதன் வீட்டைத் தேடு. கவட்டையில், காக்கைக் கூட்டைப் பலமடங்கு பெரிதாக்கினாற்போல, இலையும் சுள்ளியும் கொண்டு உருண்டையாகக் கட்டியிருக்கும். ஒரே அணிலுக்கு இப்படிப் பல கூடுகள் உண்டு. அக்கூடுள்ள மரத்தின் கிளைகள் அண்டை மரத்தின் கிளைகளோடு பின்னிக் கிடப்பதைக் கவனி. தரையில் இறங்குவதை இயன்றவரை தவிர்க்கும் ஜீவனாகையால், இரை தேடுவதும், துணை தேடுவதும், பருந்துக்கும் சிறுத்தைக்கும் தப்பி ஓடுவதும் ஆகிய சகல காரியங்களும் அந்தக் கிளைப் பாதையிலேயே நடந்தாகவேண்டும். தோப்புக்காரர் ஒருவர் நடுவிலே நான்கு மரங்களை வெட்டிவிட்டாரானால், கீழே நடக்கும் நமக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினாற்போல் இருக்கும். மேலே அதன் ராஜபாட்டை அறுந்துபோயிருக்கும். கடித்துத் துப்பிய மாங்காய்களையும் குத்தகைப் பணத்தையும் கணக்குப் பார்க்கிற தோப்புக்காரரையும் நான் குறை சொல்லமாட்டேன்; அவர் பொறுத்துக்கொள்வதனால்தான் சரணாலயத்தின் எல்லைக்கு வெளியேயும் அணில் பிழைத்திருக்கிறது. அவர் அனுமதியின்றி வேலியைத் தாண்டாதே. பைனாகுலரை எடுத்துக்கொண்டு வழியோரத்தில் நின்றாலே போதும். மேலிருந்து கொறித்த தோல் சிதறி விழும் சத்தம் உனக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சாவடிக்கு அப்பால் பேச்சியம்மன் கோயிலும், மீன்வெட்டிப்பாறையும், மலைமேல் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஜனங்கள் திரளும் காட்டழகர் கோயிலும் உள்ளன. யானையும் கரடியும் மிளாவும் காட்டுமாடும் உலாவும் பிரதேசம். அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதோடு ஆபத்தும் ஆகும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட துயரத்துக்குப் பிறகு விதிகளைக் கடுமையாக்கினார்கள். 2024-இல் வனத்துறையார் வழிகாட்டிகளுடன் செல்லும்படி தமிழ்நாடெங்கும் 40 மலைநடைப் பாதைகளைத் திறந்தபோது, செண்பகத்தோப்பிலிருந்து புதுப்பட்டி செல்லும் பாதையையும் அவற்றில் சேர்த்தார்கள். முன்பதிவு செய்துகொண்டு அந்த வழியே வா. அடிவாரத்திலே பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு இருக்கிறது. அது காட்சிசாலை அன்று, கேளாமல் எவரையும் படம் எடுக்கக்கூடாது. தேன் விற்றால் சொன்ன விலைக்கு வாங்கு; மலைத்தேன் எடுப்பது எத்தகைய வேலை என்று தெரிந்தவர் பேரம் பேசமாட்டார்.

ராஜபாளையத்துப் பக்கம் அய்யனார் கோயில் ஆற்றையும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் ஒரு மாலையில் பார்த்துவிடலாம். வத்திராயிருப்புப் பக்கத்துப் பிளவக்கல் அணை நீர்ப்பறவைகளுக்கு நல்லது. சதுரகிரியை இந்தத் தடவை விட்டுவிடு. ஆடி அமாவாசைக் கூட்டத்தை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது, மற்ற நாட்களில் அது பக்தர்களுக்குரிய மலை.

கடைசியாகக் காலத்தைப் பற்றி. பரீட்சை முடிவது சித்திரையில் என்றால், ஓடை வற்றி, சருகு காய்ந்து, தீப்பிடிக்கும் பருவம் அது. மலைநடையை நிறுத்திவைத்திருந்தாலும் வைத்திருப்பார்கள். மார்கழியிலும் ஆடிப்பூரத்திலும் கோயில் உற்சவக் கூட்டத்தால் ஊரில் இடம் கிடைப்பது துர்லபம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடையில் தண்ணீரும் மரத்தில் பசுமையும் நிறைந்திருக்கும் தை மாதமே உத்தமம். ஆகவே பொங்கல் கழித்து வரும்படி சிநேகிதிகளிடம் பேசி முடிவுசெய். அந்தச் சமயத்தில் பொதிகை எக்ஸ்பிரஸில் இடம் பிடிப்பது பெரும்பாடு, முன்பதிவு திறக்கும் அன்றைக்கே எடுத்துவிடு. பச்சை அல்லது காக்கி நிறத்தில் துணி, நல்ல பிடிப்புள்ள செருப்பு ஆகியவற்றைக் கொண்டுவா; பாட்டுப் பெட்டி ஒன்றும் வேண்டாம். பால்கோவாவைக் கிளம்பும் தினத்தில் வாங்கித் தருகிறேன். காட்டுக்குக் கொண்டுபோனால் குரங்குகளுக்குத்தான் லாபம். தேதி நிச்சயமானதும் எழுது, பெரியம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா