டாட்டூ போட உட்காரும் முன்

நெம்மேலி, சூலேரிக்காடு, பட்டிபுலம் பிள்ளைகளே! மாமல்லபுரம் போய் டாட்டூ போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறீர்கள். ஆசையைத் தடுக்க மாட்டேன். உங்கள் பாட்டிமார் கையிலும் பச்சை குத்தியிருந்தது. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள் நான். ஓவியம் எவ்வளவு அழகு என்று பார்க்கும் முன் ஊசி எவ்வளவு சுத்தம் என்று பாருங்கள்.

1. முதல் தடவை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வேறொருவருக்குப் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். கிளவுஸ் போட்ட கையாலேயே செல்போனை எடுத்துப் பேசிவிட்டு, அதே கையோடு மெஷினைப் பிடித்தால் அந்தக் கடை வேண்டாம்.

2. ஊசியை உங்கள் கண்முன் உறை பிரிக்கச் சொல்லுங்கள். உறை கிழியாமல், ஈரம் படாமல், காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அது குப்பைக்கூடைக்குப் போகக் கூடாது; ஊசி துளைக்காத கெட்டி டப்பாவுக்குள் போக வேண்டும்.

3. 'வெந்நீரில் கொதிக்க வைத்தேன், டெட்டாலில் துடைத்தேன்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். திரும்பப் பயன்படுத்தும் கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற கருவியில், நீராவி அழுத்தத்தில், 121 டிகிரி சூட்டில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். ஏனென்றால் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாள் வரை வீரியத்தோடு இருக்கும். அதற்கான தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஆறு மாதத்தில் 3 தவணை.

4. மையைச் சின்னக் கப்பில் ஊற்றி, மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். அதில் குழாய்த் தண்ணீர் கலக்கவே கூடாது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனாலும் குடிக்கிற தண்ணீர் வேறு, தோலுக்குள் இறங்குகிற தண்ணீர் வேறு. அமெரிக்காவின் ரோசெஸ்டரில் 2011 கடைசியில், நீர்த்த சாம்பல் நிற மையால் 19 பேருக்குத் தோலில் தொற்று வந்தது. மை கடைக்கு வந்தபோதே அதில் கிருமி இருந்திருக்கிறது. அதனால் பாட்டிலின் லேபிளையும் பாருங்கள்.

5. ரீல்ஸ் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திருச்சியில், வந்தவர்களின் நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூ கடைக்காரர் 2024 டிசம்பரில் கைதானார். கடைக்குச் சீல் வைத்தார்கள். அவர் போட்ட வீடியோக்களும் இன்ஸ்டாகிராமில் ஓடியவைதான்.

6. 18 வயது ஆகும்வரை பொறுங்கள். ராணுவத்தில் சேரும் எண்ணம் இருந்தால் இன்னும் யோசியுங்கள். பொதுவாக முன்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் இருக்கும் டாட்டூவைத்தான் அங்கே ஏற்கிறார்கள். போட்டபின் 12 மாதம் ரத்ததானம் செய்ய முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

7. இது நம் கரைப் பிள்ளைகளுக்கு முக்கியம்: புண் ஆறும்வரை, இரண்டு மூன்று வாரமாவது, கடலில் இறங்காதீர்கள். வலை இழுப்பதும் அலைச்சறுக்கும் காத்திருக்கலாம். டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய ஒருவர், கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி தொற்றி இறந்துபோனதை 2017-ல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் கோளாறு இருந்தது. சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் டாட்டூ பக்கமே போகாதீர்கள்.

8. சுத்தமில்லாத இடத்தில் ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? வீட்டுக்குத் தெரியாமல் மறைத்துவைத்துத் தவிக்காதீர்கள். அடுத்தவருக்குக் குத்திய ஊசி என்று சந்தேகம் வந்தால், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்; எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க மருந்து உண்டு. நாள் கடந்திருந்தாலும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். விவரம் ரகசியமாக இருக்கும். எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குப் போன் செய்தும் கேட்கலாம். சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கூட வருகிறேன்.