கூண்டுக்கு வெளியே கங்காரு

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். கங்காரு, கோலா போன்றவற்றை மிருகக்காட்சிசாலையில் அல்லாமல், அவை வாழும் இடத்திலேயே பார்க்க வழி உண்டா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நிச்சயமாக உண்டு. அந்நாட்டு விலங்குகளில் பெரும்பாலானவை பகலில் ஓய்வெடுப்பவை. அதனால் விடியற்காலையும் அந்தி நேரமுமே உங்களுக்கு உகந்த நேரம். ஊரை ஒட்டிய புல்வெளிகளுக்கே கங்காருக்கள் அப்போது மேய வரும்.

கோலா ஒரு நாளில் சுமார் 20 மணி நேரம் வரை தூங்கும். யூகலிப்டஸ் மரப்பட்டையில் நகக்கீறலும், அடியில் புழுக்கையும் தெரிந்தால் அண்ணாந்து கிளைக்கவட்டைப் பாருங்கள்.

முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸைக் காண, குயின்ஸ்லாந்தின் யுங்கெல்லா தேசியப் பூங்காவில் ஆற்றங்கரை மேடைகள் உள்ளன. பேசாமல், அசையாமல் நில்லுங்கள். நீரில் குமிழிகள் வரிசையாக எழுந்தால், சற்று நேரத்தில் அது மூச்சுவிட மேலே வரும். வாம்பேட் என்ற விலங்கைப் பார்க்க டாஸ்மேனியாவை ஒட்டிய மரியா தீவு சிறந்தது. டிரையபன்னா என்ற ஊரிலிருந்து படகில் போகலாம். மாலையில் அவை வெட்டவெளியில் மேய்வதைக் காணலாம்.

ஒரு தொலைநோக்கி எடுத்துச் செல்லுங்கள். இருட்டிய பின் ஊருக்கு வெளியே காரோட்டுவதைத் தவிருங்கள். கங்காரு குறுக்கே பாய்வது அங்கே சாதாரணம். முக்கியமாக, எந்த விலங்குக்கும் ரொட்டித்துண்டுகூடக் கொடுக்காதீர்கள். அது அவற்றை நோயில் தள்ளும். மனிதரை அண்டிப் பிழைக்கவும் பழக்கிவிடும்.