காலூன்றி நிற்கும் கோழிக்கூடு

மலாவி, ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் கடற்கரை இல்லாத ஒரு சிறிய நாடு. அங்குள்ள கிராம மக்களில் பெரும்பாலோர் மக்காச்சோளம் பயிரிடுகின்றனர். பல வீடுகளில் சில கோழிகளும் உண்டு. பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்க வேண்டும், நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றால், முதலில் விற்கப்படுவது கோழிதான். ஒரே இரவில் நான்கு கோழிகளை இழப்பது அத்தகைய குடும்பத்திற்குச் சிறிய இழப்பன்று.

மரக்கிளையில் உறங்கும் கோழியைக் காட்டுப்பூனை கவ்விச் செல்லும். தரையில் படுத்திருக்கும் குஞ்சுகளைப் பாம்பு விழுங்கும். திருடர்களும் வருவார்கள். அதனால், சிலர் இரவில் கோழிகளைச் சமையலறையிலோ தாங்கள் உறங்கும் அறையிலோ அடைத்து வைக்கின்றனர். கோழிகள் பிழைத்துக்கொள்ளும், வீட்டாருக்குத்தான் எச்சத்தின் நாற்றமும் செள்ளுப்பூச்சியின் கடியும்!

இதற்குக் கிராமத்தார் கண்ட பழைய தீர்வு 'கோலா'. சிச்சேவா மொழியில் கால்நடைகளை அடைக்கும் இடத்திற்கு வழங்கும் பெயர் இது. கோழிகளுக்கான கோலாவைத் தடித்த மரக்கால்களின்மீது உயர்த்திக் கட்டுவார்கள். கம்புகளால் ஆன சுவர், புல் வேய்ந்த கூரை, ஏறிச் செல்லச் சிறிய ஏணி ஆகியவை இருக்கும். மாலையில் கோழிகள் உள்ளே சென்றதும் ஏணியை அகற்றிவிடலாம்.

இந்தப் பழைய கூட்டையே இன்னும் மேம்படுத்த முடியும். தரைக் கம்புகளுக்கு இடையே சிறிது இடைவெளி விட்டால் எச்சம் கீழே விழும். அதைத் திரட்டிச் சோளக்கொல்லைக்கு எருவாக இடலாம். இடைவெளி அதிகமானால் குஞ்சின் கால் சிக்கிக்கொள்ளும். மரக்கால்களைச் சுற்றித் தகரம் அடித்தால் எலி வழுக்கி விழும். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரை மண்ணால் பூசலாம். ஆனால், பாதுகாப்புக்காக நான்கு பக்கமும் பூசிவிடுவது தவறு. காற்றோட்டமின்றிக் கோழிகளுக்கு மூச்சுக்கோளாறு வரும்.

பகலிலும் உள்ளேயே அடைத்து வைக்கலாமே என்று தோன்றலாம். அடைத்த கோழிக்குத் தீனி போட வேண்டும். அறுவடைக்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பல வீடுகளில் மனிதருக்கே சோளம் போதாது. வெளியே விட்டால் கோழி கறையானையும் புல்விதையையும் தானே தேடித் தின்னும்.

கூடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் நியூகாசல் நோயைத் தடுக்காது. தமிழ்நாட்டு விவசாயிகள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் நோய் இதுவே. இது பரவினால் ஊரிலுள்ள கோழிகளில் பெரும்பாலானவை மடிந்துவிடும். கண்ணில் ஒரு சொட்டு விடும் தடுப்பு மருந்து உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை அதை மீண்டும் கொடுக்க வேண்டும். கோழிகளைப் பிடிப்பதுதான் சிரமம். மரத்தில் உறங்குபவை விடிந்ததும் சிதறி ஓடிவிடும். கோலாவில் அடைத்தவற்றையோ, கதவைத் திறப்பதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொட்டு விடலாம். ஆகவே, புதிய கூடு கட்டுவோர் ஒருவர் கையை நீட்டினால் கடைசி மூலைவரை எட்டும் அளவிலேயே அதை அமைப்பது நல்லது.